குவாங்சோவில் புதிதாகக் குடியேறுகிறீர்களா? உள்ளூர்ப் பழக்கம் பிடிக்கும் வரிசை

தென் சீனாவின் குவாங்சோவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து ஆறு மாதம் ஓடியிருக்கும். அலுவலகத்தில் நாலு பேர், ஷியாவ்பெய் பக்கத்து இந்திய உணவகத்தில் நாலு பேர். அதைத் தாண்டி ஊரில் ஒருவரையும் தெரியாது. மொழி தெரியாததுதான் காரணம் என்று சொல்லிக்கொள்வோம். அது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், வரிசை தெரியாமல் நடுவிலிருந்து தொடங்குவது. முகவரிப் பதிவு இல்லாமல் வங்கிக் கணக்கு கிடைப்பது கடினம். வங்கி அட்டை இல்லாமல் வீசாட்டில் (இங்கே செய்திக்கும் பணத்துக்கும் எல்லோரும் பயன்படுத்தும் செயலி) ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப முடியாது. பணம் அனுப்ப முடியாதவரை ஒரு பேட்மின்டன் குழுவில் சேர்த்துக்கொள்ள யாரும் யோசிப்பார்கள்.

இங்கே சொல்லும் சட்டமும் வீசாட் விஷயங்களும் எந்தச் சீன நகரத்துக்கும் பொருந்தும். தேநீர், லாய்சி (புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் கொடுக்கும் பணம்) பகுதிகள் குவாங்சோ இருக்கும் குவாங்தோங் மாகாணத்து வழக்கம். பெய்ஜிங்கில் அப்படியே செய்தால் விழிப்பார்கள்.

1. முதல் 24 மணி நேரம்: முகவரிப் பதிவு

ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வாடகை வீடு, நண்பர் வீடு என்றால் 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் பெயர் பாய்ச்சூசுவோ. கட்டணம் இல்லை. தவறினால் எச்சரிக்கையோடு 2000 யுவான் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அசல், படப் பக்கம், விசாப் பக்கம், நுழைவு முத்திரைப் பக்கம் மூன்றின் நகல், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பத்திரத்தின் நகல், வீட்டுக்காரரின் கைபேசி எண். சில பகுதிகளில் கியூஆர் கோட் ஸ்கேன் செய்து கைபேசியிலேயே பதியலாம். எப்படிப் பதிந்தாலும் கடைசியில் வரும் சீட்டை மூன்று நகல் எடுத்து வையுங்கள். வங்கியில் கேட்பார்கள், ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்குக் கேட்பார்கள், பல்கலைக்கழகத்திலும் கேட்பார்கள்.

இங்கே விழும் குழி வீட்டுக்காரர்தான். வெளிநாட்டவரைப் பதிவு செய்ய விருப்பமில்லாத வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பத்திர நகல் தர மாட்டார்கள். குவாங்சோவில் இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் சேர்த்து வாங்குவது பரவலான வழக்கம். அந்த மூன்று மாதப் பணம் உங்கள் கையில் இருக்கும்வரைதான் உங்கள் பேச்சு எடுபடும். ஆகவே பணம் கட்டும் முன்பே, "பாய்ச்சூசுவோவில் பதிய ஆவணம் தருவீர்களா?" என்று வீசாட்டில் எழுத்தாகக் கேட்டு, எழுத்தாகப் பதில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு வீடு தேடுங்கள்.

வீடு மாறினால், பாஸ்போர்ட் மாறினால், விசா பெர்மிட்டாக மாறினால் மறுபடியும் பதிய வேண்டும். ஹாங்காங் போய்த் திரும்பினால் மறுபதிவு வேண்டுமா என்பதில் நிலையத்துக்கு நிலையம் நடைமுறை வேறுபடும். முதல் நாள் போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பாஸ்போர்ட்டைக் கையைவிட்டுக் கொடுக்கும் முன் சிம்

நீண்டகால வேலை விசா, படிப்பு விசாவில் வந்தவர்கள் 30 நாளுக்குள் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஓராண்டுக்குக் குறைவென்றால் 400 யுவான், ஒன்றிலிருந்து மூன்றாண்டுக்குள் 800, அதற்கு மேல் ஐந்தாண்டு வரை 1000. சட்டப்படி 15 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும், உங்கள் கையில் ஒரு ரசீது மட்டும். அந்த ரசீதைக் காட்டி ஊருக்குள் இருக்கலாம். ஆனால் சிம் கடையும் வங்கியும் அசல் பாஸ்போர்ட்டைத்தான் கேட்கும். எனவே சிம் முதலில், பெர்மிட் விண்ணப்பம் அடுத்து.

சைனா மொபைல், சைனா யூனிகாம், சைனா டெலிகாம் மூன்றில் எதுவானாலும் சரி. பெட்டிக்கடைக்குப் போகாமல் நிறுவனத்தின் சொந்தக் கிளைக்குப் போங்கள். அதற்கு யிங்யேதிங் என்று பெயர். பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து, முகத்தைப் படம் பிடித்து, உங்கள் பெயரில் எண் தருவார்கள். மாதம் 30 முதல் 60 யுவான் திட்டம் தாராளமாகப் போதும். வீட்டு இணையத்தோடு சேர்த்து இரண்டாண்டு ஒப்பந்தம் என்று இழுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேறொருவர் பெயரில் இருக்கும் சிம்மை மலிவாகத் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. வாங்கவே வாங்காதீர்கள். எண் எந்தப் பாஸ்போர்ட்டில் பதிவாகியிருக்கிறது என்பதை வங்கி சரிபார்க்கும். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அதற்குப் பிறகுள்ள எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும்.

ஊர் சிம்மையும் தூக்கிப் போட வேண்டாம். வாட்ஸ்அப்பும் கூகுளும் இங்கே திறக்காது என்றாலும், வெளிநாட்டு சிம்மின் ரோமிங் இணையத்தில் வேலை செய்யும்.

3. வங்கிக் கணக்கும் நம்முடைய பெயர்ச் சிக்கலும்

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சீட்டு, சீன எண், வேலை ஒப்பந்தம் அல்லது கல்லூரிச் சேர்க்கைக் கடிதம். கிளைக்குக் கிளை விதி மாறும். ஒரு கிளையில் மறுத்தால் அடுத்த தெருவிலுள்ள அதே வங்கியின் கிளையில் திறந்து தருவார்கள். அலுவலகமோ கல்லூரியோ பயன்படுத்தும் கிளைக்கே போவது நேரத்தை மிச்சமாக்கும். அரை நாளை ஒதுக்கிவிடுங்கள்.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். பெயர் நீளம் வேறு. வங்கி ஊழியர் எந்தச் சொல்லை முன்னால் போட்டார், நடுவில் இடைவெளி விட்டாரா, நீளம் போதாமல் வெட்டினாரா என்பது அவர் கையில். அவர் தட்டிய பெயரும், நீங்கள் பிறகு வீசாட்டிலும் அலிபே என்ற பணச் செயலியிலும் தட்டும் பெயரும் ஓர் இடைவெளி மாறினாலும் "அடையாளம் பொருந்தவில்லை" என்று வரும். காரணம் சொல்லாது. பலர் வாரக்கணக்கில் வங்கிக்கும் வீட்டுக்கும் அலைவது இதனால்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கவுன்டரிலேயே, "கணினியில் என் பெயர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுத் திரையையோ அச்சிட்ட சீட்டையோ படம் எடுத்துக்கொள்ளுங்கள். இயன்றால் விசாவில் உள்ள வரிசையிலேயே பதியச் சொல்லுங்கள். பிறகு எந்தச் செயலியிலும் அந்தப் படத்தைப் பார்த்து, பெரிய எழுத்து, இடைவெளி உட்பட அப்படியே தட்டுங்கள்.

4. வீசாட்: இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குக் கூடுதலாக ஒரு படி

இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. இந்திய ஆப் ஸ்டோரில் கிடைக்காது, இந்திய எண்ணில் கணக்குத் தொடங்க முயல்வதும் வீண். வந்திறங்கி, சீன எண் வாங்கி, அதில் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு என்றால் வீசாட்டின் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கலாம். ஐபோன் என்றால் ஆப் ஸ்டோரின் நாட்டை மாற்ற வேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊரிலேயே தொடங்கிவிட்டு வரலாம்.

கணக்குத் தொடங்கும்போது, ஏற்கெனவே வீசாட் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் கியூஆரை ஸ்கேன் செய்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். சாட்சி சொல்பவரின் கணக்கு பழையதாக இருக்க வேண்டும். அண்மையில் வேறு யாருக்கும் அவர் சாட்சி சொல்லியிருக்கவும் கூடாது. அலுவலகத்திலோ விடுதியிலோ ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளையும் வீசாட்டில் இணைக்கலாம். 200 யுவானுக்குள் என்றால் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். கடையில் பணம் கட்ட அது போதும். ஆனால் நண்பருக்குப் பணம் அனுப்பவும் ஹோங்பாவ் எனப்படும் சிவப்பு உறை அனுப்பவும் உள்ளூர் வங்கி அட்டைதான் வேண்டும். அதனால்தான் வங்கியை முன்னால் வைத்தேன்.

புதுக் கணக்கில் ஒரே நாளில் முப்பது பேரைச் சேர்த்தால் மோசடிக் கணக்கு என்று நினைத்து முடக்கிவிடும். முதல் மாதம் நாளுக்கு ஐந்தாறு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனிப் பழக்கவழக்கம். யாரையாவது சேர்க்கும்போது வெறும் வணக்கம் போடாமல் பெயர், ஊர், எங்கே பார்த்தோம் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்: "குமார், இந்தியா, வியாழக்கிழமை பேட்மின்டன்." சேர்த்தவுடன் அவர் பெயருக்குப் பக்கத்தில் நீங்களும் குறிப்பு எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் பூனைப் படத்தோடு பதினேழு பேர் இருப்பார்கள், யார் எவர் என்று தெரியாது. "இருக்கிறீர்களா?" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது இங்கே எரிச்சலூட்டும் செயல், கேட்க வேண்டியதை அதே செய்தியில் கேளுங்கள். ஒரு நிமிட ஆடியோ அனுப்புவதும் அப்படித்தான், அதைச் செய்யும் உரிமை மேலதிகாரிகளுக்கு மட்டும் என்பதுபோல நடந்துகொள்வார்கள். வரும் செய்தியை அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்ப்பு வரும். உங்கள் பக்கம் குட்டி வாக்கியமாக எழுதினால் மொழிபெயர்ப்பில் பிழை வராது.

வாட்ஸ்அப் பழகியவர்கள் நீல டிக்கைத் தேடுவார்கள். வீசாட்டில் அது கிடையாது, கடைசியாக எப்போது வந்தார் என்பதும் தெரியாது. பதில் வரவில்லை என்று மனம் நோக வேண்டாம். அவருடைய பதிவுகள் மூன்று நாளுக்குமேல் தெரியாவிட்டாலும் உங்களை ஒதுக்கவில்லை, நிறையப் பேர் எல்லோருக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

குழுவின் கியூஆர் ஏழு நாள்தான் செல்லும். குழு 200 பேரைத் தாண்டிவிட்டால் கியூஆர் ஸ்கேன் செய்து சேரவே முடியாது, உள்ளே இருப்பவர் யாராவது அழைக்க வேண்டும். நோட்டீஸில் பார்த்த கியூஆர் வேலை செய்யவில்லை என்றால் காரணம் இந்த இரண்டில் ஒன்று.

5. முதல் பழக்கம் வாசலில் இருக்கிறது

நண்பரைத் தேடி நகரத்தின் மறுகோடிக்குப் போகும் முன், தினமும் உங்களைப் பார்க்கும் ஐந்து பேரைப் பிடியுங்கள்: வாசல் காவலர், கூரியர் பொட்டலம் வைத்திருக்கும் கடைக்காரர், காய்கறிக்காரம்மா, காலைச் சிற்றுண்டிக் கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர். இவர்களுக்கு உங்கள் முகம் பழகிவிட்டால் பொட்டலம் தொலையாது, தண்ணீர் நிற்பது முன்னமே தெரியும், வீட்டுக்காரரோடு தகராறு வந்தால் வாய் திறக்க ஆள் இருக்கும்.

கூப்பிடும் முறை முக்கியம். ஓட்டுநர், பழுது பார்ப்பவர், காவலர் எல்லோரும் ஷிஃபு. கடைக்காரர் லாவ்பான். அம்மா வயதுப் பெண்கள் ஆ-யீ; முதல் எழுத்தில் சற்று நின்று இரண்டாவதை நீட்டுங்கள், தமிழ்க் காதுக்குக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் மரியாதைச் சொல். இளவயதினரை இந்த ஊர்ப் பேச்சான கான்டனீஸில் லெங் ஜாய் (அழகுப் பையா), லெங் லோய் (அழகுப் பெண்ணே) என்று கூப்பிடுவார்கள். உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; சந்தையில் வழக்கமாக வரும் விளிதான், அழகுப் போட்டி முடிவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேச்சுக்குச் சீனாவின் பொதுமொழியான மாண்டரின் படியுங்கள். நகரத்தில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள், கான்டனீஸ் மட்டும் தெரிந்தால் அவர்களில் பலரோடு பேச முடியாது. ஆனால் மூன்று கான்டனீஸ் சொற்கள் ஊர்க்காரர்களின் முகத்தையே மாற்றும். ஜோ சன் என்றால் காலை வணக்கம். ம்கோய் என்பது ஒருவர் உதவி செய்ததற்கும், "கொஞ்சம் வழி விடுங்க" என்பதற்கும். தோ ஜே என்பது பொருள் கொடுத்ததற்கும் விருந்து வைத்ததற்கும் சொல்லும் நன்றி. கதவைப் பிடித்தவருக்குத் தோ ஜே சொன்னால் சிரிப்பார்கள், சிவப்பு உறை கொடுத்தவருக்கு ம்கோய் சொன்னாலும் சிரிப்பார்கள்.

6. நண்பரைத் தேடாதீர்கள், தாட்சுவைத் தேடுங்கள்

இங்கே இளவயதினரிடம் புழங்கும் சொல் தாட்சு. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் சேரும் துணை. சாப்பாட்டுத் தாட்சு, ஓட்டத் தாட்சு, படிப்புத் தாட்சு என்று எதற்கும் உண்டு. வேறு எதுவும் எதிர்பார்க்க மாட்டார்கள். வெளியூர்க்காரருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. மொழி குறைவாக இருந்தாலும் ஷட்டில் அடிப்பதற்கு அது தடையில்லை. ஆறேழு தடவை சேர்ந்து ஆடியபின் யாரோ ஒருவர், "சாப்பிட்டுப் போலாமா?" என்று கேட்பார். அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது தவறாமல் போய் நிற்பது மட்டும்.

குவாங்சோவில் பேட்மின்டன்தான் எளிது. சியாவ்ஹோங்ஷு செயலியில் "குவாங்சோ பேட்மின்டன் தாட்சு" என்பதைச் சீன எழுத்தில் மொழிபெயர்த்துத் தேடுங்கள், கூடவே உங்கள் மெட்ரோ நிலையத்தின் பெயரையும் போடுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் வெளிநாட்டவர் குழுதான் வரும். பொது அரங்குகளைக் குறைந்த கட்டணத்தில் பதிவு செய்ய நகரத்தில் சுன்தீதோங் என்ற தளம் உண்டு. குழுவோடு சேர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்குப் பெரும்பாலும் 25 முதல் 50 யுவான், ஷட்டில் சேர்த்து. ராக்கெட்டும், தரையில் தடம் பதியாத உள்ளரங்கு ஷூவும் உங்களுடையது. தெருவில் போடும் ஷூவோடு போனால் உள்ளே விட மாட்டார்கள்.

குழுவில் பெயர் கொடுக்கும் முறைக்கு ஜியேலோங் என்று பெயர். இப்படி ஒரு செய்தி வரும்:

வியாழன் இரவு 7–9, கோர்ட் 3, 4, ஆளுக்கு 35, எட்டுப் பேர்
1. ஆ ஜியே
2. லாவ் வாங்
3. ஷியாவ் லின்

"நானும் வரலாமா?" என்று கேட்டு எழுத வேண்டாம். பட்டியலை அப்படியே நகலெடுத்து, 4 போட்டு உங்கள் பெயரைச் சேர்த்து அனுப்புங்கள். நண்பரையும் கூட்டி வந்தால் 5-இல் "குமார்+1". எட்டு நிரம்பிய பிறகு 9-இல் போட்டால் காத்திருப்போர் வரிசை. வர முடியாவிட்டால் குழு சொல்லும் கெடுவுக்கு முன் பெயரை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எடுத்தால் ஆடாவிட்டாலும் 35 உங்கள் கணக்கு. சொல்லாமல் வராமல் போவதற்கு இங்கே "புறாவைப் பறக்கவிடுவது" என்பார்கள். முதல் தடவை மன்னிப்பார்கள். இரண்டாவது புறாவுக்குப் பிறகு பட்டியல் உங்கள் கண்ணில் படாது, தனிக் குழு தொடங்கிவிடுவார்கள். பங்குப் பணத்தை ஆட்டம் முடிந்த அன்றிரவே அனுப்பிவிடுங்கள். காலை வரை வைத்திருக்க வேண்டாம்.

பேட்மின்டன் பிடிக்காதவர்களுக்குப் பூங்காக்கள் இருக்கின்றன. யுவேசியூ பூங்காவிலும் லிவான் ஏரிப் பக்கமும் காலை ஏழு மணிக்கு முன் போனால் தாய்ச்சி, இறகுக் குஞ்சத்தைக் காலால் தட்டும் விளையாட்டு, சீனச் சதுரங்கம் எல்லாம் நடக்கும். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், நேரமும் பொறுமையும் உள்ளவர்கள். அருகில் மூன்று நாள் நின்று பாருங்கள், நான்காம் நாள் அவர்களே இழுத்துவிடுவார்கள்.

மொழிப் பரிமாற்றத்துக்கு ஆள் பிடிப்பது சுலபம், காப்பாற்றுவது கடினம். அலாரம் வைத்து அரை மணி மாண்டரின், அரை மணி ஆங்கிலம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். இல்லையென்றால் ஆறு வாரத்தில் அவர் ஆங்கிலத்தில் சரளமாகிவிடுவார், நீங்கள் "நீ ஹாவ்" சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

7. தேநீர் மேசை: எந்தக் கணக்கை உடனே தீர்ப்பது, எதைத் திறந்து வைப்பது

"இன்னொரு நாள் சேர்ந்து சாப்பிடுவோம்" என்று சொன்னால் அது விடைபெறும் சொல். நம்மூர் "வீட்டுக்கு வாங்க" மாதிரி. நாளும் இடமும் சொன்னால்தான் அழைப்பு. குவாங்சோவில் அந்த அழைப்பு அநேகமாகக் காலைத் தேநீருக்கு, யம் சாவுக்கு இருக்கும். தேநீர் பேருக்குத்தான், மூங்கில் தட்டுகளில் வரும் திம் சம் சிற்றுண்டிகளைச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுவதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்குப் போனால் டோக்கன் எடுத்து வரிசையில் நிற்க வேண்டும். எட்டுக்கு முன் போங்கள்.

உட்கார்ந்ததும் தலைக்கு இவ்வளவு என்று தேநீர் இருக்கைக் கட்டணம் விழும். நீங்கள் தேநீர் குடிக்காவிட்டாலும் விழும். முதல் கெட்டில் குடிக்க அல்ல: அந்தச் சுடுநீரில் கிண்ணம், கோப்பை, குச்சிகளைக் கழுவி நடுவில் உள்ள பாத்திரத்தில் ஊற்றுவார்கள். மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் இரண்டு மூன்று தடவை தட்டுங்கள். அதுதான் நன்றி, பேச்சை நிறுத்தி வாயால் சொல்லத் தேவையில்லை. நீங்கள் ஊற்றும்போது மற்றவர்களுக்கு, அதிலும் பெரியவருக்கு, முதலில், உங்களுக்குக் கடைசியில். கெட்டிலில் வெந்நீர் தீர்ந்தால் கையைத் தட்டிக் கூப்பிடாமல் மூடியைச் சரித்து வைத்தால் ஊழியர் பார்த்து நிரப்புவார்.

சைவர்கள் முள்ளங்கிப் பணியாரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் பன்றித் தொத்திறைச்சியும் உலர்ந்த இறாலும் இருக்கும். நம்பிக் கேட்கக்கூடியது ஜாய் சோங்: அரைத்த அரிசி மாவை ஆவியில் மெல்லிய தாளாக வேகவைத்துச் சுருட்டி, உள்ளே ஒன்றும் வைக்காமல் சோயா சாஸ் ஊற்றித் தருவது. இடியாப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம். "வோ ச்சிர் சூ", நான் சைவம், என்று அழைத்தவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மேசையில் சொன்னால் அவருக்குத்தான் சங்கடம். கோழித் தூள் எல்லாச் சமையலிலும் நுழையும். அதுவும் ஆகாது என்றால் பௌத்த சைவ உணவகத்துக்கு நீங்களே அழைப்பது நல்லது.

இப்போது பில். அழைத்தவர்தான் கட்டுவார். நீங்கள் ஒரு தடவை கையை நீட்ட வேண்டும், அவர் தடுக்க வேண்டும், நீங்கள் விட்டுவிட வேண்டும். பிறகு வீட்டுக்குப் போய் வீசாட்டில் உங்கள் பங்கைக் கணக்குப் பார்த்து 63 யுவான் அனுப்புவதுதான் வெளிநாட்டவர் செய்யும் பெரிய தவறு. பேட்மின்டன் பங்கை உடனே தீர்க்காவிட்டால் கெட்ட பெயர். விருந்துக் கணக்கை உடனே தீர்த்தாலும் கெட்ட பெயர். உடனே தீர்த்தால், "உன்னோடு எனக்குப் பாக்கி எதுவும் வேண்டாம்" என்று அர்த்தமாகிவிடும். அவர் அந்தப் பணத்தைத் தொடவும் மாட்டார், 24 மணி நேரத்தில் உங்களுக்கே திரும்பி வரும். மொய் நோட்டு வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண்டப வாசலிலேயே யாரும் மொய்யைத் திருப்பிக் கொடுப்பதில்லை. நம் வீட்டு விசேஷம் வரும்வரை கணக்கு திறந்தே இருக்கும். இங்கே சொல்ல வேண்டிய வாக்கியம் "ஷியாட்சு வோ ச்சிங்", அடுத்த தடவை என் முறை. சொன்னபடி மூன்று நான்கு வாரத்துக்குள், ஏறக்குறைய அதே அளவில் கூப்பிடுங்கள். இரண்டு மடங்கு ஆடம்பரமாகக் கூப்பிட்டால் அவர் மேல் சுமை ஏறும்.

வீட்டுக்கு அழைத்தால் பழக்கூடை போதும், 50 முதல் 100 யுவானுக்குள். இலங்கைத் தேயிலைக்கு இங்கே நல்ல பெயர், ஊரிலிருந்து வரும்போது நாலு பெட்டி கொண்டுவாருங்கள். கடிகாரம், குடை, பேரிக்காய் வேண்டாம். உச்சரிப்பில் சாவுக்கும் பிரிவுக்கும் நெருங்கிய சொற்கள்.

8. சீனப் புத்தாண்டு: லாய்சி

ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் புத்தாண்டு வரும் இந்த வாரங்களில் வெளியூர்க்காரர்கள் கிளம்பிவிட, நகரம் காலியாகும். புதுப் பழக்கம் பிடிக்க நேரமில்லை. பிடித்த பழக்கத்தை உறுதியாக்க நேரம். கல்யாணம் ஆனவர்கள் ஆகாதவர்களுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். குவாங்தோங்கில் தொகை சின்னது. 5, 10 யுவான் வைத்தாலும் குறையில்லை. நீங்கள் திருமணமானவர் என்றால் காவலர், துப்புரவுப் பெண்மணி, அலுவலகத்து இளையவர்கள் எல்லோருக்கும் தயாராக வைத்திருங்கள். முப்பது உறை, புதுத் தாள். வங்கியில் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள், பிறகு கிடைக்காது. நான்கு என்ற எண் வேண்டாம். இரண்டு கையால் கொடுப்பது, இரண்டு கையால் வாங்குவது, கொடுத்தவர் முன் பிரிக்காமல் இருப்பது. வீசாட்டில் அனுப்பும் ஹோங்பாவுக்கு சாதாரண நாளில் உச்சவரம்பு 200 யுவான். குழுவில் யாராவது போட்டதை எடுத்துக்கொண்டே இருந்து ஒருநாளும் போடாதவரைக் கவனிப்பார்கள்.

கல்யாணத்துக்குக் கொடுக்கும் உறையைச் சில குவாங்தோங் வீடுகளில் மூலையை மட்டும் மடித்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். மறுப்பு அல்ல, வாழ்த்து சேர்ந்தது, பணம் வேண்டாம் என்று பொருள். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

9. பழக்கத்தின் பேரில் வரும் வலைகள்

"பக்கத்துக் குழந்தைக்கு ஆங்கிலம் சொல்லித் தாங்க, மணிக்கு 200" என்று அன்பாகக் கேட்பார்கள். உங்கள் பெர்மிட் அதற்கானதல்ல. அனுமதியில்லாத வேலைக்கு 5000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையானது என்று கருதினால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. மாணவர்கள் பகுதிநேர வேலைக்குக் கல்லூரி ஒப்புதலும் பெர்மிட்டில் அதற்கான குறிப்பும் வாங்க வேண்டும்.

இதைவிடப் பரவலானது பணமாற்று. "நான் ஊரில் ரூபாய் போடுகிறேன், நீ இங்கே யுவான் கொடு" என்று கேட்பவர் நம்மூர்க்காரராகவே இருப்பார். அந்தச் சங்கிலியில் எங்கோ மோசடிப் பணம் கலந்திருந்தால் உங்கள் கணக்கு முடங்கும், விசாரணைக்குப் போக வேண்டும். வங்கி அட்டையையோ சிம்மையோ வீசாட்டையோ "ஒரு வாரத்துக்கு" இரவல் தருவது அதைவிட மோசம், அது குற்றமாகவே முடியலாம்.

குழுக்களில் அரசியல் வேண்டாம். 2017 முதல் உள்ள விதிப்படி குழுவில் நடப்பதற்குக் குழுவைத் தொடங்கியவரும் பொறுப்பு. உங்கள் ஒரு வரிக்கு அவர் பதில் சொல்ல நேரும். தெருவில் அறிமுகமாகி, ஐந்தாவது நிமிடத்தில் தனக்குத் தெரிந்த தேநீர்க் கடைக்கு அழைக்கும் புன்னகைக்காரர்களோடு போகாதீர்கள். பில் ஆயிரக்கணக்கில் வரும்.

10. பிடித்த பழக்கம் அறுந்துபோகாமல்

உங்கள் மொத்த ஊர்ப் பழக்கமும் ஒரு கைபேசி எண்ணில் தொங்குகிறது. மூன்று மாத விடுமுறைக்குப் போகிறவர்கள் பில் கட்டாமல் விட்டு, எண் ரத்தாகி, வேறொருவருக்குப் போய்விட்டால் வீசாட்டுக்குள் நுழைய முடியாமல் எல்லோரையும் இழக்கிறார்கள். கிளம்பும் முன் யிங்யேதிங்குக்குப் போய் "எண்ணைக் காப்பாற்றும் திட்டம்" என்று கேளுங்கள். மாதம் 8 யுவான் அளவில் ஒரு திட்டம் உண்டு; தாமாகச் சொல்ல மாட்டார்கள். நூறு யுவான் முன்பணம் கட்டிவிட்டால் ஓராண்டு கவலையில்லை.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பத்து நாளுக்குள் ரெசிடென்ஸ் பெர்மிட் அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். அடுத்து பாய்ச்சூசுவோ, அதன்பின் சிம், வங்கி, கடைசியில் வீசாட் என்ற வரிசையிலேயே போங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் விட்டுவிடாமல், முத்திரை குத்தித் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட இரண்டையும் கேட்பார்கள்.